அந்தூரியம் வியாபாரமாம், ரேடியோ பொழுதுபோக்காம்

வரிக் கணக்கு எழுதும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, போன மாதம் உங்களில் ஒருத்தி என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம். பாடசாலை ஆசிரியை ஒருவர் வீட்டில் கேக் செய்து விற்கிறாராம். வாரத்துக்கு ஐந்தாறு கேக், பிறந்தநாளுக்கு, கல்யாணத்துக்கு. "பொழுதுபோக்குன்னு போட்டுடலாமா மிஸ்? வரியும் வராது, தலைவலியும் இல்ல" என்றாள். நான் அவளை நன்றாக ஏசிவிட்டேன். தொலைபேசியை வைத்த பிறகு அவள் அழுதிருக்கக்கூடும். மன்னிப்புக் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஏன் அப்படிக் கோபப்பட்டேன் என்பதை மட்டும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு என்னைக் கிழவி என்று திட்டினாலும் சரி.

நான் மாத்தளை நகரத்தில் ஒரு சிறிய கணக்காளர் நிறுவனத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தேன். நான்கு மேசை, இரண்டு தட்டச்சு இயந்திரம், ஒழுகும் கூரை. என் வேலை, மற்றவர்களுக்காக வருமான வரி விவரத்திரட்டு நிரப்புவதும், வரி அலுவலகத்திலிருந்து, எங்கள் பேச்சில் வரிக் கந்தோரிலிருந்து, வரும் கேள்விகளுக்குப் பதில் கடிதம் எழுதுவதும். நிறுவனத்தின் சொந்தக்காரரைச் சேர் என்றுதான் கூப்பிடுவோம். இந்தத் தொழிலை எனக்குக் கற்றுத் தந்தவர் அவர். சட்டத்தை விரல்நுனியில் வைத்திருந்தவர், ஒரு சதம் திருடாதவர். அவரைப் பற்றி இனிமேல் நான் எழுதப்போவதைப் படிக்கும்போது இதையும் மறந்துவிடாதீர்கள். நல்லவர்கள் செய்யும் அநியாயம்தான் எனக்கு அதிகம் எரிச்சலூட்டும், ஏனென்றால் அதைத் தட்டிக்கேட்க நமக்கு வாய் வராது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் எங்களுடைய மிகப் பெரிய வாடிக்கையாளர், இரத்தோட்டைப் பக்கம் மிளகும் கொக்கோவும் வைத்திருந்த ஒரு முதலாளி. தோட்டத்தைவிட அவருக்கு லொறிகளில்தான் வருமானம் அதிகம். அவருடைய மனைவிக்கு அந்தூரியம் வளர்ப்பதில் பைத்தியம். வலை போட்ட மூன்று கொட்டகை, தண்ணீர் தெளிக்க மோட்டார், இரண்டு ஆட்கள், கொழும்பு மலர்க் கண்காட்சிக்கு வருடம் தவறாமல் பயணம். பூக்களை அந்த அம்மா விற்று நான் பார்த்ததில்லை. உறவினர் கல்யாணங்களுக்கும் கோயிலுக்கும் வாளி வாளியாக இலவசமாகக் கொடுப்பார். எப்போதாவது யாராவது வற்புறுத்திக் கையில் பணம் திணித்தால் வாங்கிக்கொள்வார். அந்தப் பணத்தைக் காட்டித்தான் நாங்கள் வருடா வருடம் "அந்தூரியம் வளர்ப்பு வியாபாரம்" என்று எழுதினோம். வியாபாரம் என்றால் நட்டம் வரலாம் அல்லவா? வந்த நட்டத்தை எல்லாம் லொறி இலாபத்திலிருந்து கழித்தோம். சேர் சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சுச் செய்தேன். கை கூசவில்லை. அதைக் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதே முதலாளியிடம் லொறி ஓட்டியவர் சவரிமுத்து. நாற்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ரேடியோ என்றால் உயிர். யாரிடமோ பழுதான பெட்டிகளை வாங்கிப் பிரித்துப் பிரித்துத் தானாகவே பழகிக்கொண்டார். இரத்தோட்டை பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, லொறி வேலை முடிந்த மாலைகளிலும் ஞாயிறு பூசைக்குப் பிறகும் அங்கே இருந்து ரேடியோ திருத்துவார். பெயர்ப்பலகை இல்லை. தன்னுடைய டிரைவர் கடை வைத்திருப்பதாக ஊர் பேசுவது முதலாளிக்குப் பிடிக்கவில்லை.

பலகை இல்லாவிட்டால் என்ன, மலையில் இருந்த தோட்டங்கள் எல்லாவற்றிலும் அவரைத் தெரியும். ரேடியோ பழுதாகிவிட்டால் யாரும் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு இறங்கி வரமாட்டார்கள். காலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். கண்டக்டர் அதைச் சவரிமுத்துவின் அறையில் இறக்குவார். திருத்தி முடிந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போகும். யாருடைய பெட்டி என்று குழப்பம் வராமலிருக்கச் சவரிமுத்து ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். சவர்க்காரப் பெட்டி அட்டையை வெட்டி, ஒரே விவரத்தை இரண்டு தரம் எழுதுவார். பெயர், தோட்டம், என்ன பழுது, என்ன விலை. பாதியை ரேடியோவில் கட்டிவிட்டு, மற்றப் பாதியை வீட்டில் பிஸ்கட் தகரத்தில் போட்டு வைப்பார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். முன்பே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அவர் என்னிடம் வந்ததற்குக் காரணம் ஒரு மொட்டைக் கடிதம். இரத்தோட்டையில் ஒருவன் கடை நடத்துகிறான், வரி கட்டுவதில்லை என்று யாரோ பொறாமை பிடித்தவன் வரிக் கந்தோருக்கு எழுதிப்போட்டிருந்தான். கந்தோர் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியது. முதலாளியின் ஆள் என்பதால் எங்களிடம் அனுப்பினார்கள். லொறிச் சம்பளம் மட்டுமென்றால் வரிக்கோட்டுக்குக் கீழே. ரேடியோ வருமானமும் சேர்ந்தால் கொஞ்சம் மேலே. வரக்கூடிய வரி ஒரு பெரிய தொகையே இல்லை.

சேர் கடிதத்தைப் பார்த்தார். "பொழுதுபோக்குன்னு எழுதும்மா. ஓய்வு நேரத்துல ஆசைக்குத் திறந்து பாக்குறாரு, கூட்டாளிமார் பார்ட்ஸ் செலவுக்கு ஏதோ குடுப்பாங்கன்னு போடு. பைலை மூடிடுவாங்க."

சவரிமுத்து மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மிஸ், வரி வந்தா கட்டிடுறேங்க. ரேடியோ மெக்கானிக்னு ஒரு இடத்துல எழுதியிருந்தா நல்லதுங்க. பேங்க்ல கேட்டாலும் காட்டலாம்."

நான் சிரித்தேன். வரி கட்ட ஆசைப்படும் மனிதனை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். ஆங்கிலத்தில் மளமளவென்று ஒரு பக்கம் அடித்தேன். அழகான கடிதம். இது ஒரு ஹொபி, இதில் வியாபார நோக்கம் துளியும் இல்லை, வாடிக்கையாளர் என்று எவரும் இல்லை, கிடைப்பது தற்செயலான சிறு பணம். கையெழுத்துப் போடும்போது அவர் கேட்டார்.

"மெக்கானிக்னு போட்டிருக்கீங்களா மிஸ்?"

"எல்லாம் போட்டிருக்கு, சைன் பண்ணுங்க."

இதுதான் நான் சொன்ன பொய். வரிக் கந்தோருக்கு எழுதியதைக்கூட நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பிரதி ஒன்று கேட்டார், கார்பன் தாள் பிரதியைக் கொடுத்தேன். அதைக் கசங்காமல் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். கந்தோரும் சேர் சொன்னபடியே கோப்பை மூடியது. நான் அவருக்கு உபகாரம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும். கொழும்பில் எங்கேயாவது குண்டு வெடித்தால் மறுநாள் எங்கள் பஸ்களில் தமிழ்ப் பையன்களை இறக்கி வரிசையில் நிறுத்துவார்கள். தோட்டத்து ஆட்களிடம் அடையாள அட்டை இல்லாவிட்டால் அது ஒரு குற்றம், இருந்தால் அதில் இருக்கும் பெயர் ஒரு குற்றம். அப்படி ஒரு வாரத்தில் இரத்தோட்டையில் இராணுவம் தேடுதல் நடத்தியது. பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னாலுள்ள அறையைத் திறந்தார்கள். உள்ளே கம்பிகள், பற்றரிகள், சுருள் சுருளாக ஈயம், பிரித்துப் போட்ட பெட்டிகள், மூன்று அலாரம் மணிக்கூடுகள். ஒரு தமிழனின் அறையில் மணிக்கூடும் பற்றரியும் கம்பியும் சேர்ந்து கிடந்தால் அவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? சவரிமுத்துவை முகாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நான்கு நாள் கழித்து அவருடைய மனைவி ரெஜினா எங்கள் கந்தோருக்கு வந்தார். கையில் என் கடிதம். சவரிமுத்து அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேடியோ அறைச் சுவரில் ஆணியில் மாட்டி வைத்திருந்தாராம்.

"அவரே எடுத்துக் குடுத்தாருங்க மிஸ்," என்றார் ரெஜினா. "இது எங்க தொழிலுங்க, வரிக் கந்தோருக்கே எழுதிக் குடுத்திருக்குன்னு சொன்னாரு. ஆபீசர் வாங்கி வாசிச்சான். வாசிச்சிட்டு இவரு கன்னத்துல அறைஞ்சான். நேத்து நான் கேம்புக்குப் போயி அழுதப்ப இதைத் திருப்பித் தந்து, போயி எழுதினவங்ககிட்ட கேளுன்னான். இதுல என்னங்க எழுதியிருக்கீங்க?"

ரெஜினா உட்காரவில்லை. நான் என் கடிதத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். வியாபாரம் இல்லை. வாடிக்கையாளர் இல்லை. ஆசைக்குச் செய்வது. கேட்டுவிட்டு அவர், "அப்ப அவரு பொய் சொன்னதா ஆயிருச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது. திருத்திய விவரத்திரட்டு ஒன்றைக் கொடுத்து, இது தொழில்தான் என்று ஒப்புக்கொண்டு, வரியையும் தண்டப்பணத்தையும் கட்ட வேண்டும். அப்போது கந்தோர் ஒரு மதிப்பீட்டு அறிவித்தல் அனுப்பும். அரசாங்க முத்திரையோடு "ரேடியோ திருத்தும் தொழில்" என்று அதில் இருக்கும். அந்தக் காலத்தில் ஒரு தமிழனின் வார்த்தையைவிட அந்தத் தாளுக்குத்தான் பெறுமதி. நான் சேரிடம் ஓடினேன்.

சேர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"நீ என்ன எழுதப்போற? தொடர்ந்து செய்றாரு, இலாபத்துக்குச் செய்றாரு, ஊருக்கே செய்றாரு, அதனால இது வியாபாரம். அப்படித்தானே?"

"ஆமாங்க சேர்."

"அந்த வரி மதிப்பீட்டாளர்தானே முதலாளி பைலையும் பாக்குறாரு? அந்த லிஸ்டை எடுத்துக்கிட்டு அந்தூரியம் கொட்டகைக்குப் போனா என்ன ஆகும்? இலாபமும் இல்ல, விற்பனையும் இல்ல. எத்தனை வருஷ நட்டம் கழிச்சிருக்கோம் தெரியுமா?"

"அவரு உள்ள இருக்காரு சேர்."

"விட்டுருவாங்கம்மா. எல்லாரையும் ரெண்டு வாரத்துல விடுறாங்க. கொஞ்சம் பொறு."

நான் பொறுத்தேன். பதினொரு நாள். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது. சேர்மேல் பாதி, என்மேல் பாதி. பதினொரு நாளும் காலை எட்டரைக்குக் கந்தோருக்கு வந்தேன், தேநீர் குடித்தேன், மற்றவர்களின் விவரத்திரட்டுகளை நிரப்பினேன். முதலாளி இரண்டு தரம் வந்து போனார். தன் டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. புது டிரைவர் கிடைத்துவிட்டதாகச் சேரிடம் சொன்னது காதில் விழுந்தது. தன் மனைவியின் பூக்கொட்டகைக்கு நட்டம் எழுத எங்களைப் பிடித்தவர், பன்னிரண்டு வருடம் லொறி ஓட்டிய மனிதனுக்காக முகாமுக்கு ஒரு கடிதம் கொடுக்கக்கூடாதா? கேட்டிருக்கலாம். நானும் வாயை மூடிக்கொண்டு பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் சேரிடம் சொல்லாமல் லீவு போட்டுவிட்டு இரத்தோட்டைக்கு பஸ் ஏறினேன். ரெஜினா பிஸ்கட் தகரத்தை வெளியே எடுத்தார். உள்ளே அட்டைத் துண்டுகள், ஆறு வருடத்துக்கு. எலி கடித்தவை சில, எண்ணெய் படிந்தவை சில. எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து. அவற்றைத் தரையில் பரப்பி மாதவாரியாக அடுக்க இரண்டு நாள் எடுத்தது. ரெஜினா படிக்க, நான் எழுதினேன். இரத்தோட்டை மட்டுமல்ல, தூரத்தில் யட்டவத்த ஊர்வரைக்கும் ஆட்கள் இருந்தார்கள். சிங்களப் பெயர்கள், முஸ்லிம் பெயர்கள். ஒரு மாதமாவது இடைவெளி இல்லை. இதைத்தான் நான் தற்செயல் என்று எழுதியிருந்தேன்.

உங்கள் கையேடுகளில் தொழிலையும் பொழுதுபோக்கையும் பிரித்தறிய அடையாளங்களின் பட்டியல் ஒன்று இருக்கும். அதை மனப்பாடம் செய்து வைத்திருப்பீர்கள். எனக்கும் அது அப்போதே மனப்பாடம்தான். ஆனால் அந்த மனிதர் ரேடியோவைப் பற்றிப் பேசும்போது முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்து, இது பொழுதுபோக்கு என்று நானே முடிவு செய்துவிட்டேன். சந்தோஷமாகச் செய்தால் அது தொழில் இல்லையா? முணுமுணுத்துக்கொண்டே செய்தால்தான் தொழிலா? எத்தனை முட்டாள்தனம்! பணம் இருக்கிறவர் ஆசைக்குச் செய்வதை வியாபாரம் என்றோம். ஏழை வயிற்றுக்குச் செய்ததை ஆசை என்றோம். ஆளைப் பார்த்துத்தான் எழுதினோம், வேலையைப் பார்க்கவில்லை.

மதிப்பீட்டாளர் ஒரு சிங்களவர், ஓய்வு பெறும் வயது, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பேசுவார். நாங்கள் சிங்களத்தில்தான் பேசினோம். தகரத்தை அப்படியே அவர் மேசையில் வைத்தேன். ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்தார். தமிழ் எழுத்துத் தெரியாது, எண்கள் தெரியும்.

"விலையை எப்ப எழுதுவாரு? திருத்தின பிறகா?"

"இல்ல சேர், பெட்டியைத் திறக்கிறதுக்கு முன்னாடியே. அதைத்தான் கண்டக்டர்கிட்ட சொல்லியனுப்புவாரு."

"பொழுதுபோக்குக்குச் செய்றவன் திறக்காத பெட்டிக்கு விலை சொல்லமாட்டான்," என்றார். பிறகு பழைய கோப்பைத் திறந்து என் கடிதத்தை எடுத்தார்.

"இது யார் எழுதினது?"

"நான் டைப் பண்ணினேன் சேர்."

"டைப் பண்ணினதைக் கேக்கல."

"நான்தான் எழுதினேன்."

"அன்னிக்குப் பொய் சொன்னீங்களா, இன்னிக்குச் சொல்றீங்களா?"

இந்தக் கேள்வி உங்களுக்கும் ஒருநாள் வரும். அப்போது தவறுதலாக, தகவல் போதாமல், சரியாக விளங்காமல் என்றெல்லாம் நாக்கில் வார்த்தை தயாராக நிற்கும். என் நாக்கிலும் நின்றது. நான் அப்படிச் சொல்லியிருந்தால் அவர் விசாரணைக்கு இன்னொரு திகதி போட்டிருப்பார். முகாமில் இருக்கிறவருக்கு அது இன்னும் ஒரு மாதம்.

"அன்னிக்குச் சொன்னேன் சேர். அவருக்குத் தெரியாது. அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது."

அவர் கண்ணாடியை இறக்கி என்னை ஒரு தரம் பார்த்தார். "அந்தூரியம் பைலும் உங்க கையெழுத்துத்தானே? அதுவும் இதே மாதிரியா?"

ஆமாம் என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. அந்த முதலாளிமேல் எனக்கு இருந்த கோபத்துக்கு அது இனித்திருக்கும். ஆனால் வாடிக்கையாளர் நம்மிடம் சொன்னதை நம் கோபத்துக்காக வெளியே சொல்லக்கூடாது. அதைச் செய்தால் நாளைக்கு நம்மிடம் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள்.

"அது வேற பைல் சேர். அதுக்குப் பதில் சொல்ல எனக்கு உத்தரவு இல்ல."

"உங்க உத்தரவு எனக்குத் தேவையில்ல," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

அந்த மாதமே அவர் கொட்டகைக்குப் போனார். ஐந்து வருட நட்டத்தையும் வெட்டினார். முதலாளி வந்து எங்கள் கந்தோரில் கத்திவிட்டுத் தன் கோப்புகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார். சேர் அதற்குப் பிறகு ஆறு மாதம் என்னோடு வேலை தவிர வேறு பேசவில்லை. என்னை ஏன் நிறுத்தவில்லை என்று எனக்குத் தெரியாது. மூன்று மொழியிலும் தட்டச்சுச் செய்ய வேறு ஆள் இல்லாததாலோ, தனக்கே உள்ளே உறுத்தியதாலோ. கேட்கவில்லை, அவரும் சொல்லாமலே இறந்துபோனார்.

அறிவித்தல் கையில் கிடைக்க ஒன்பது நாள் ஆனது. மதிப்பீட்டாளர் அன்றைக்கே எழுதிவிட்டார். அதைத் தட்டச்சுச் செய்கிறவர் லீவில் போயிருந்தார். நான் அடித்துத் தருகிறேன் என்று கெஞ்சினேன். வெளியாள் தொடக்கூடாது என்றார்கள். ஒரு மனிதன் உள்ளே கிடக்க, ஒன்பது நாள் ஒரு தாள் மேசையில் கிடந்தது. வரியும் தண்டப்பணமும் என் சம்பளத்திலிருந்து கட்டினேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. என் பொய்க்கு ரெஜினா ஏன் கட்ட வேண்டும்?

அறிவித்தலோடு ரெஜினாவும் நானும் முகாம் வாசலுக்குப் போனோம். ஓர் அதிகாரி வாங்கி வாசித்தார். "அப்ப பிஸ்னஸ்தான்" என்று மட்டும் சொன்னார். முதல் தடவை கேட்டபோதே சவரிமுத்து அதைத்தான் சொல்லியிருந்தார். இன்னும் ஒரு வாரம் கழித்து அவரை விட்டார்கள். கணக்குப் பார்த்தால் மொத்தம் ஒரு மாதத்துக்கு மேல். அதில் பதினொரு நாள் என்னுடையது.

விடுதலையாகி வந்தவருடைய வலது கையில் மூன்று விரல் மடங்காது. பொழுதுபோக்கு என்றால் இந்தக் கையால் வேறு என்னதான் செய்தாய் என்று கேட்டுக் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவிடுக்கில் வைத்து அழுத்தினார்களாம். எந்த ஞாயிறு என்று கேட்டேன். ரெஜினா சொன்னார். நான் சேரின் சொல்லைக் கேட்டுப் பொறுத்துக்கொண்டிருந்த நாட்களுக்குள் அது வந்தது. அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நினைவே வரவில்லை.

லொறி வேலையும் போய்விட்டது. ரேடியோவுக்குள் விரல் நுழைக்க முடியாது, ஈயம் உருக்கும் கோலைப் பிடிக்க முடியாது. அறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சந்தையில் ரெஜினாவோடு மரக்கறி வைத்து உட்கார்ந்தார். கண்டக்டர்கள் கொஞ்ச நாள் ரேடியோக்களைக் கொண்டுவந்து, சந்தையில் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த வருடம் வரிக் கந்தோரிலிருந்து அவருக்கு விவரத்திரட்டுப் படிவம், நாங்கள் பாரம் என்போம், வந்தது. வரத்தானே செய்யும், இது தொழில் என்று நான்தானே மன்றாடி நிரூபித்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு சந்தைக்கே போனேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்துக் காட்டினேன். ரேடியோ திருத்தும் தொழில், இந்த ஆண்டு வருமானம்: இல்லை. அவர் தலையாட்டிவிட்டு, இடது கையால் கையெழுத்துப் போட்டார். சின்னப் பிள்ளை எழுதியது போல இருந்தது.

மூன்று வாரத்தில் பாரம் திரும்பி வந்தது. கையெழுத்து முந்தைய பாரங்களோடு ஒத்துப்போகவில்லையாம். எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டுமாம்.

விளக்கம் எழுதினேன். ஒரே பக்கம். வலது கை விரல்கள் எங்கே, எந்த ஞாயிற்றுக்கிழமை, யாருடைய காவலில் இருக்கும்போது முறிந்தன என்று எழுதினேன். அதற்கு முன் நான் எழுதிய பொய்க் கடிதத்தின் திகதியையும் போட்டேன். சேர் வாசித்துவிட்டு, "விபத்துன்னு போட்டா போதாதா?" என்றார். நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. சவரிமுத்துவிடம் கொண்டுபோய் முழுவதையும் தமிழில் சொன்னேன். அவர் வெண்டிக்காய்களை அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அனுப்பலாமாங்க?" என்றேன்.

"அனுப்புங்க மிஸ்."

பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதற்கு வரிக் கந்தோரிலிருந்து ஒரு பதிலும் வரவில்லை. அடுத்த வருடப் பாரம் மட்டும் நேரத்துக்கு வந்தது.